பிடித்த பணம், கட்டாத பணம்: வைப்பு நிதி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊழியர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

பதினோரு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். 2018 ஜூன் முதல் 2020 மார்ச் வரை, 22 மாதங்கள், அங்கே வேலை பார்த்த 140 பேரின் சம்பளத்திலிருந்தும் 'பி.எஃப்.' என்ற கட்டத்தில் 12 விழுக்காட்டைக் கழித்து எழுதியது என் கை. அந்த 22 மாதங்களில் ஒரு மாதத்துக்குக்கூடப் பணம் உங்கள் நிதிக்கு வந்து சேரவில்லை. இதை எவரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செலானைத் தயாரித்து முதலாளியின் மேசையில் வைத்ததும், மறு மாதம் அதே காகிதத்தைத் தூசு தட்டி எடுத்துக் கோப்பில் போட்டதும் நான்தான்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம், எங்கள் புகாருக்கு அண்மையில் வந்த ஒரு பதில். உங்கள் மண்டல அலுவலகங்களில் ஒன்று அனுப்பியது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஓர் அலுவலகத்தின் குறையாக இதை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நிலுவையைத் தவணையில் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது, எனவே குற்ற நடவடிக்கைக்கு இப்போது அவசியம் எழவில்லை என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். நான்கு வரிகள். அடியில் ஒரு முத்திரை.

இதை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதை நான் பார்த்ததிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் ஒருவரின் சராசரி மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் 12 விழுக்காடு 1,440 ரூபாய். 140 பேருக்கு மாதம் 2,01,600 ரூபாய். 22 மாதங்களுக்கு 44,35,200 ரூபாய். தொழிலாளர்களின் கூலியிலிருந்து பிடித்தது மட்டுமே இவ்வளவு. முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய இன்னொரு 12 விழுக்காட்டை நான் இதில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அவர் பங்கைக் கட்டாதது கடன் பாக்கி என்று யாராவது வாதாடினால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கலாம். எங்கள் கூலியிலிருந்து எடுத்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது? அது அவர் பணமே அல்லவே. சம்பளச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது: பிடித்தம் போக மீதி.

அந்த 22 மாதங்களுக்கு நடுவே, 2019இல், அதே ஆலையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டோரில் இருந்த எழுத்தர் ஒருவர் கழிவுப் பஞ்சு விற்ற பணத்தில் 18,000 ரூபாயைக் கணக்கில் காட்டாமல் விட்டார். மனைவியின் அறுவை சிகிச்சைச் செலவு என்று பிறகு அழுதார். செய்தது தவறு, நான் அதை நியாயப்படுத்தவில்லை. காலையில் முதலாளி காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். மாலைக்குள் முதல் தகவல் அறிக்கை, இரவுக்குள் கைது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 408ஆவது பிரிவு: எழுத்தரோ பணியாளரோ செய்யும் நம்பிக்கை மோசடி, ஏழாண்டு வரை சிறை. அவரைக் கூட்டிக்கொண்டு போன ஜீப் ஆலை வாசலைத் தாண்டும்போது அந்த மாதத்துச் சம்பளப் பட்டியல் என் கையில் இருந்தது. பி.எஃப். கட்டத்தின் அடியில் கூட்டுத்தொகையாக இரண்டு லட்சத்துச் சொச்சம் எழுதியிருந்தேன்.

அந்த எழுத்தரை உள்ளே தள்ளிய சட்டத்தின் அதே அத்தியாயத்தில் முதலாளிக்கும் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அது வெகு நாள் தெரியாது. 405ஆவது பிரிவில் 1973ஆம் ஆண்டு ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வைப்பு நிதிக்கென்று ஒரு முதலாளி தொகையைப் பிடித்தால், அந்தத் தொகை அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும். அதை நிதியில் செலுத்தத் தவறினால், நேர்மையற்ற முறையில் பயன்படுத்தியதாகவே கருதப்படும். பின்னர் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பிடித்தத்துக்கும் இதேபோல ஒரு விளக்கம் வந்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவிலும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. 'பணமே தனியாக எடுத்து வைக்கவில்லை, காகிதத்தில் கழித்ததோடு சரி, பிறகு எப்படி ஒப்படைப்பு ஆகும்?' என்று முதலாளிகளின் வழக்கறிஞர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு நாடாளுமன்றம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டது. 'கருதப்படும்' என்ற ஒரு சொல்லில் அந்த வாதம் முடிந்துபோகிறது.

ஆனால் தண்டனையின் அளவைப் பாருங்கள். எழுத்தர் முதலாளியின் பணத்தைத் தின்றால் ஏழாண்டு. முதலாளி எழுத்தரின் பணத்தைத் தின்றால், பழைய சட்டத்தில் மூன்றாண்டு. புதிய சட்டத்தில் ஐந்தாண்டு. 1860இல் எஜமானர்களுக்காக எழுதிய சட்டம் அது என்று சொல்லித் தள்ளிவிடலாம். 2023இல் புதிதாக எழுதியபோதும் இந்த இடைவெளியை மூட எவருக்கும் தோன்றவில்லை. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கிற ஐந்தாண்டையாவது எடுத்துப் பயன்படுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலாளி கெட்ட மனிதர் என்று நான் எழுதவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். ஒரு மாதம் செலானைக் காட்டி, "ஐயா, பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கரண்ட் பில் கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். பஞ்சுக்காரனுக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த லோடு வராது. இவர்களுக்குக் கட்டாவிட்டால் கடுதாசிதானே வரும், வரட்டும்" என்றார். இவர்கள் என்று அவர் சொன்னது உங்களைத்தான்.

எனக்கு அது இன்றும் காதில் கேட்கிறது. அவர் யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போட்டு வைத்திருந்தார். யார் என்ன செய்வார்கள் என்ற பயமே அந்த வரிசையைத் தீர்மானித்தது. கடைசி இடம் உங்களுக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் தப்பாகக் கணித்துவிடவில்லை. தாமதமான தொகைக்கு உங்கள் சட்டத்தின் 7கியூ பிரிவில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. 14பி பிரிவில் இழப்பீடு. அது முன்பு தாமதத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 5 முதல் 25 விழுக்காடு வரை போனது. 2024 ஜூனில் வந்த அறிவிக்கை அதை மாதம் ஒரு விழுக்காடாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்தால் மாதம் இரண்டு விழுக்காடு. எங்கள் பக்கத்தில் இதற்கு 'ரெண்டு வட்டி' என்று பெயர். சந்தையில் எந்தப் பைனான்ஸ்காரரிடமும் கிடைக்கும். ஆனால் பைனான்ஸ்காரர் அடமானம் கேட்பார், தேதி தவறினால் வாசலில் வந்து உட்காருவார். 140 தொழிலாளர்கள் அடமானம் கேட்பதில்லை. தாங்கள் கடன் கொடுத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வட்டியும் இழப்பீடும் வசூலாகச் சில ஆண்டுகள் ஆகும், அதுவும் பிடிபட்டால். இப்படிப்பட்ட கடனை எந்த வியாபாரி வேண்டாம் என்பார்? அபராதத்தைக் குறைத்துவிட்டுக் குற்ற வழக்கையும் தவணைக்காக நிறுத்தி வைத்தால், அவர் பயப்பட மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த 22 மாதங்களுக்குப் பொருந்தும் 1952ஆம் ஆண்டின் உங்கள் சட்டத்திலேயே 14(1ஏ) பிரிவு தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாதவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை என்கிறது. சிறப்புக் காரணங்களை எழுதி வைத்து நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட உங்கள் ஆய்வாளர் அறிக்கை தர வேண்டும், மேலிட முன் அனுமதி வேண்டும். அதாவது நீங்கள் கதவைத் திறந்தால்தான் நாங்கள் உள்ளே போக முடியும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது: வழக்குத் தொடருவதற்கு முன் முதலாளிக்கு 30 நாள் வாய்ப்பு கொடுக்க வேண்டும், அதற்குள் சரிசெய்துவிட்டால் வழக்கு இல்லை, மூன்றாண்டுக்குள் அதே தவற்றைத் திரும்பச் செய்தால் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஸ்டோர் எழுத்தருக்கு 30 நாள் கொடுத்திருந்தால் அவரும் 18,000 ரூபாயைப் புரட்டித் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நம்பிக்கை மோசடிப் பிரிவுக்கு இந்த முன் அனுமதி தேவையில்லை. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் அது. புகார் எவரும் கொடுக்கலாம். இதை நம்பித்தான் 2021இல் நாங்கள் பதினோரு பேர் காவல் நிலையத்துக்குப் போனோம். சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகல், நான் எடுத்து வைத்திருந்த பட்டியல்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆய்வாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "இது பணப் பாக்கி விவகாரம் அப்பா. வைப்பு நிதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்" என்றார். புகார் வந்தது என்பதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தது. முதல் தகவல் அறிக்கை இல்லை. வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போனால், நிலுவை எவ்வளவு என்று முடிவு செய்யும் 7ஏ விசாரணையில் தொகை நிர்ணயமாகட்டும், அதன் பிறகு காவல் துறைக்கு எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். அந்த விசாரணைக்கு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாய்தா வாங்கினார், பிறகும் வாங்கினார். எங்களை ஒரு நாளும் அழைக்கவில்லை. யாருடைய பணமோ அவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

இதற்கிடையில் ஒரு கீழ்நிலை அலுவலர், நல்ல எண்ணத்தோடுதான், "இனிமேல் காலாவதி ஆகிவிடும், விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை சொன்னார். அவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்: வைப்பு நிதியைக் கட்டாமல் இருப்பது நாளுக்கு நாள் தொடரும் குற்றம் என்று 1984இல் பகீரத் கனோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலாவதிக் கணக்கு முதலாளிக்கு அவ்வளவு எளிதாக உதவாது. இதை ஒரு சம்பளக் கணக்கன் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடிகிறது.

பாதிப்பு என்றால் என்ன என்று ஒரே ஒருவரைக் கொண்டு சொல்லிவிடுகிறேன். கோன் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், ஓர் அக்கா இருந்தார். 2009 ஏப்ரலில் சேர்ந்தவர். 2020 மார்ச்சோடு ஆலையில் பதினோரு ஆண்டுகள் முடிந்தன. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் போதும், அவருக்கு வயதும் 58 ஆகிவிட்டது. விண்ணப்பம் போட்டார். கணினியில் அவருடைய பாஸ்புக் 2018 மே மாதத்தோடு நின்றிருந்தது. ஒன்பதாண்டு இரண்டு மாதம். ஓய்வூதியத் தகுதி இல்லை, ஒரே தடவையாகக் கிடைக்கும் தொகையை வாங்கிக்கொண்டு போகலாம் என்று பதில் வந்தது. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். உங்களுக்கு அது சிறு தொகையாகத் தெரியலாம். அக்காவுக்கு அது மருந்துக் கடைக் கணக்கு.

1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பங்களிப்பு பெறப்பட்ட காலத்தை மட்டுமல்லாமல் பெறப்பட வேண்டிய காலத்தையும் சேர்த்துத்தான் பணிக்காலம் கணக்கிடப்பட வேண்டும் என்றிருக்கிறது. அப்படியானால் அக்காவின் 22 மாதங்கள் எங்கே போயின? திட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தது கணினித் திரைக்குத் தெரியவில்லை. முகப்பில் உட்கார்ந்திருந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நீதானே தம்பி மாசாமாசம் பிடித்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், நான்தான். வேலை போய்விடும் என்று பயந்து இருபத்திரண்டு தடவை அந்தக் கட்டத்தை நிரப்பினேன். அந்தப் பயத்துக்கு மன்னிப்புக் கேட்பது வேறு இடத்தில், வேறு ஆட்களிடம். உங்களிடம் நான் கேட்பவை இவை.

தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாத நிறுவனங்களை மற்ற நிலுவைக்காரர்களோடு ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 7ஏ விசாரணை தொடங்கும் நாளிலேயே இந்தத் தொகையைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டிலோ பட்டியலிலோ பிடித்தம் தெரிந்தால், மொத்த நிர்ணயத்துக்குக் காத்திருக்காமல் 30 நாட்களுக்குள் மண்டல அலுவலகம் காவல் நிலையத்தில் 316ஆவது பிரிவின் கீழ் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலைக்கு முந்தைய காலத்துக்கு 405, 406. முதலாளிக்கு 30 நாள் என்றால் உங்களுக்கும் 30 நாள் போதும். தவணைக்கு ஒப்புக்கொண்டதால் இந்தப் புகாரை நிறுத்தி வைக்கும் வழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் முடிவுக்குக் கொண்டுவாருங்கள். தவணையில் பணத்தை வாங்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பணம் திரும்பியதைத் தண்டனையில் எவ்வளவு கணக்கில் கொள்வது என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

மாநிலக் காவல் துறைத் தலைவர்களுக்கு உங்கள் குழுவின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும். தொழிலாளியே நேரில் வந்து புகார் கொடுத்தாலும் வழக்குப் பதியலாம், வைப்பு நிதி அலுவலகத்தின் அனுமதியோ நிர்ணய ஆணையோ அதற்கு முன்நிபந்தனை அல்ல என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். எந்தெந்த மண்டலத்தில் இப்படி எத்தனை புகார்கள் கொடுக்கப்பட்டன, எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் மண்டலவாரியாக, தமிழிலும், வெளியிடுங்கள்.

பதினைந்தாம் தேதி தாண்டியும் பணம் வராவிட்டால், "உங்கள் நிறுவனம் இந்த மாதம் கட்டவில்லை" என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி ஒவ்வொரு உறுப்பினருக்கும் போகட்டும். உறுப்பினரின் நிரந்தரக் கணக்கு எண்ணான யு.ஏ.என்.னோடு கைபேசி எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். முதல் மாதமே தெரிந்திருந்தால் எங்கள் ஆலையில் 22 மாதம் ஓடியிருக்காது, அன்றைக்கே ஷிப்ட் நின்றிருக்கும். விசாரணை அறிவிப்பின் நகலைத் தொழிலாளர்களுக்கும் அனுப்புங்கள், அந்த அறையில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

பிடித்தம் நிரூபணமான மாதங்களைப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஓய்வூதியப் பணிக்காலத்தில் சேருங்கள். உங்கள் திட்டமே அப்படித்தான் சொல்கிறது. கோன் வைண்டிங் அக்காவின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டால் நானும் தருகிறேன்.

கடைசியாக, என்னைப் போன்றவர்களைப் பற்றி. ஒவ்வொரு ஆலையிலும் சம்பளப் பட்டியல் போடும் ஒருவர் இருக்கிறார். பணம் போகவில்லை என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். அவர் வாய் திறந்தால் அன்றே வேலை போகும் என்பதால்தான் வாயை மூடிக்கொள்கிறார். பெயரை வெளியிடாமல் தகவல் தரவும், ஆவணங்களை ஒப்படைக்கவும் அவருக்கு ஒரு வழி செய்யுங்கள்.

எனக்கு அந்த மறைவு வேண்டாம். 22 மாதங்களின் பட்டியல் நகல், கட்டப்படாத 22 செலான்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. எந்த நாள், எந்த அலுவலகம் என்று எழுதினால் கொண்டுவருகிறேன். வாக்குமூலம் வாங்கும்போது முதலாளியிடம் கேட்கும் கேள்விகளை என்னிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சம்பளக் கணக்கர்